பசியைச் சொல்லத் தெரியாத உயிர்

பவளம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? பாட்டிமார் கழுத்தில் கிடந்த பவள மாலை. மோதிரத்தில் பதித்த செந்நிற மணி. முத்தோடு சேர்த்துக் கோத்த சரம். நவமணிகளுள் ஒன்றாக அதனை எண்ணி, நகைக்கடையில் விலை கேட்டுப் பழகிவிட்டோம். திருக்குர்ஆனின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் கடல் தரும் அருட்கொடைகளைக் கூறுமிடத்தில் முத்தையும் ‘மர்ஜான்’ எனும் பவளத்தையும் சேர்த்தே கூறுகிறது. அந்த அத்தியாயம் ஓதப்படாத வீடு நம்மில் இல்லை எனலாம். ஆயினும் நாம் மணி என்று எண்ணும் அப்பொருள் ஓர் உயிரின் எலும்புக்கூடு என்பதையும், அவ்வுயிர்க்கு வாயும் வயிறும் உண்டு, பசியும் உண்டு என்பதையும் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

நெடுங்காலம் அறிஞர்களும் இதனை உணரவில்லை. நீருக்குள் வளரும் ஒருவகைச் செடி என்றே பவளத்தைக் கருதினர். 1720-களில் பிரான்சு நாட்டு மார்சேய் நகரின் மருத்துவர் பெய்சொனெல் என்பார், வட ஆப்பிரிக்கக் கரையோரப் பவளங்களையும் ஆராய்ந்து, பவளத்தின் ‘பூக்கள்’ எனப்பட்டவை பூக்களல்ல, சிறு விலங்குகளே என்று அறிவித்தார். பாரிஸ் அறிஞர் கழகம் அதனை அப்போது ஏற்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் கண்டது உண்மை என உலகம் ஒப்புக்கொண்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நாம் நகையாக அணியும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் விளைவது. பண்டைய ரோமானிய வணிகக் காலம் தொட்டே அது நம் நாட்டிற்கு வந்துகொண்டிருக்கிறது. நம் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலில் உள்ளவை வேறு வகையின. அவை கிளைகளாகவும் தட்டுகளாகவும் உருண்டைகளாகவும் வளர்ந்து, தம் சுண்ணாம்புக் கூடுகளால் கடலடியில் பாறைகளை எழுப்புவன. நம் மீனவர்கள் ‘பார்’ என்று அழைக்கும் இடங்களுள் பல இவ்வுயிர்கள் கட்டியவையே. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். கிளைப் பவளம் பத்து சென்டிமீட்டர் வரையிலும் வளரக்கூடும். ஓர் ஆள் உயரப் பவளப்பாறை நம் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் பிறந்ததாக இருக்கலாம்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. 1986-ஆம் ஆண்டு இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. நம் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கீழக்கரைக்கு எதிரே மட்டும் முல்லி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார் என ஏழு தீவுகள் இருந்தன. அவற்றுள் பூவரசன்பட்டி இன்று கடலுக்குள் மூழ்கிவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவும் அவ்வாறே மறைந்தது. தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததே இதற்கு ஒரு முதன்மைக் காரணம் என்பர். அலையைத் தடுத்து நின்ற மதில் போனபின் மணல் எங்ஙனம் நிற்கும்?

கடலைக் காணாத ஊரில் வாழ்வோர், ‘இது நமக்கு எதற்கு?’ என எண்ணலாம். கொல்லிமலையின் எடப்புளி நாட்டை எடுத்துக்கொள்வோம். கடற்கரைக்கும் அம்மலையூருக்கும் நெடுந்தொலைவு. எனினும் கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஐயாறு காவிரியில் சேர்கிறது. காவிரி கடலில் சேர்கிறது. அந்தக் காவிரிக் கழிமுகத்தில் பவளப்பாறை ஏன் இல்லை தெரியுமா? ஆற்றுநீர் உப்பின் அளவைக் குறைக்கும். அதனோடு வரும் வண்டல் ஒளியை மறைக்கும். இவ்விரண்டும் பவளத்திற்கு ஆகா. பேராறுகள் வந்து விழும் வங்கக் கடலோரத்தின் பெரும்பகுதியில் பவளப்பாறைகள் அமையாததற்கும் இதுவே காரணம். வண்டலைக் கொணரும் பேராறுகள் குறைந்த மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவின் தென்பகுதியிலும் அவை தழைத்தன. மலைச்சரிவில் அரிக்கப்படும் மண்ணுக்கும் கடலடி உயிருக்கும் உறவு உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, இவ்வுயிர் உண்பது எப்படி எனக் காண்போம்.

ஒரு பவளக் கிளையில் ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன. ஒவ்வொன்றையும் ‘பாலிப்’ என்பர். பல இனங்களில் அது கடுகளவு அல்லது மிளகளவே இருக்கும். ஒரு சிறு பை போன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள் போன்ற உணர்கொம்புகள். இவ்வளவே அதன் உருவம். பாறை கட்டும் பவளங்களில் உணர்கொம்புகள் ஆறு, பன்னிரண்டு என ஆறின் மடங்காக அமையும். நகைக்குப் பயன்படும் செம்பவளத்திற்கு எட்டு. அருகருகே உள்ள பாலிப்புகள் மெல்லிய சதையால் இணைந்திருப்பதால், ஒன்று உண்ட உணவில் அண்டைப் பாலிப்பும் பங்கு பெறும். ஒரே சமையலில் உண்ணும் கூட்டுக்குடும்பம் என்றே இதனைச் சொல்லலாம்.

பாறை கட்டும் பவளத்திற்குப் பகலில் ஒரு வழியில் உணவு கிடைக்கிறது. இரவில் மற்றொரு வழியில் கிடைக்கிறது.

பகல் உணவைத் தருவது அதன் சதைக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசி. ‘ஜூசாந்தெல்லே’ என அறிவியலார் பெயரிட்ட இப்பாசி சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரையையும் பிற சத்துகளையும் தயாரிக்கிறது. தான் ஆக்கியதில் பெரும்பகுதியை, சிலவேளை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையில், தங்க இடம் தந்த பவளத்திற்கே வழங்கிவிடுகிறது. பவளமோ தன் கழிவுப் பொருள்களையும் கரியமில வாயுவையும் பாசிக்கு அளிக்கிறது. ஒன்றுக்குக் கழிவானது மற்றொன்றுக்கு உணவாகிறது. பவளத்தின் பழுப்பும் பசுமையும் கலந்த நிறம் பெரும்பாலும் இப்பாசியால் வருவதே.

ஆயினும் சர்க்கரை மட்டும் உண்டு எவ்வுயிரும் வாழ்ந்துவிடாது. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் பிற சத்துகளும் வேண்டும். அவற்றைப் பெறவே இரவு வேட்டை. பொழுது சாய்ந்ததும் கடலின் ஆழத்திலிருந்தும் பாறையிடுக்குகளிலிருந்தும் கண்ணுக்கெட்டாத மிதவை உயிர்கள் மேலெழுந்து வரும். அவ்வேளையில்தான் பல பவளங்கள் தம் உணர்கொம்புகளை விரிக்கின்றன. அக்கொம்புகளில் கொட்டும் செல்கள் நிறைந்துள்ளன. இரை உராய்ந்ததும் நுண்ணிய நஞ்சு ஊசிகள் பாய்ந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். பின் கொம்புகள் அதனை வாய்க்குள் தள்ளும். வேறு சில இனங்கள் தம் மேல் ஒரு வழுவழுப்பான பசையைப் படரவிட்டு, அதில் ஒட்டும் துகள்களை நுண்மயிர்களால் வாய்ப்பக்கம் நகர்த்தி உண்கின்றன. பகலில் கல்லெனக் கிடந்தது இரவில் பூவென விரிவது அழகுக்காக அன்று, உணவுக்காகவே.

அமைதியாகத் தோன்றும் இவ்வுயிர்க்கு அண்டை வீட்டாரோடு பூசலும் உண்டு. வேறு இனப் பவளம் மிக அருகே வளர்ந்து ஒளியை மறைத்தால், சில இனங்கள் இரவில் வழக்கத்தினும் நீண்ட உணர்கொம்புகளை வீசி அதனைக் கொட்டும். இன்னும் சில, தம் வயிற்றினுள் உள்ள செரிமான இழைகளையே வெளியே நீட்டி அண்டைப் பவளத்தின் சதையைக் கரைத்துவிடும். இடமும் ஒளியும் பவளத்திற்கு உணவுக்குச் சமம். ஆதலால்தான் இத்தனைப் போராட்டம்.

இந்த உணவு முறை முறிந்தால் என்ன ஆகும்? கோடையில் கடல் வழக்கமான உச்ச வெப்பத்தைக் காட்டிலும் ஒரு பாகை செல்சியசு கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே போதும். பவளத்திற்கும் பாசிக்கும் இடையிலான உறவு கெடுகிறது. வெப்ப மிகுதியால் பாசி தீங்கான பொருள்களை வெளியிடத் தொடங்க, பவளம் அதனைத் தன் உடலிலிருந்து வெளியேற்றுகிறது. நிறம் போய், ஊடுருவித் தெரியும் சதையின் அடியில் வெண்ணிற எலும்புக்கூடு தோன்றுகிறது. இதனையே ‘பவள வெளிறல்’ என்கின்றனர். வெளிறிய பவளம் இறந்த பவளம் அன்று. அது பட்டினியால் வாடும் பவளம். சில வாரங்களுக்குள் கடல் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும், பவளம் பிழைக்கும். வெப்பம் நீடித்தால், உடலில் சேமித்த கொழுப்பும் தீர்ந்து அது மடிந்துபோகும்.

மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இக்கொடுமையைக் கண்டது. 2016-இல் நேர்ந்த இழப்பு மிகப் பெரிது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் ஆய்வின்படி, உயிர்ப்பவளம் மூடியிருந்த பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்தது. கிளைப் பவளங்களே மிகுதியாக மடிந்தன. உருண்டைப் பவளங்கள் பல தாக்குப்பிடித்தன. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பெரும் வெளிறல் நிகழ்வதாக அறிவியலார் அறிவித்தனர். அவ்வாண்டு நம் கடலும் இலட்சத்தீவுக் கடலும் அதற்குத் தப்பவில்லை.

இவ்விடத்தில் 2006-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு நினைவுகூரத் தக்கது. ஹவாய்த் தீவில் வெளிறிய பவளங்களை ஆராய்ந்தபோது, ஓர் இனம் மட்டும் பாசியை இழந்தபின் தன் இரவு வேட்டையைப் பன்மடங்காக்கி, அன்றாடத் தேவை முழுவதையும் மிதவை உயிர்களை உண்டே ஈட்டிக்கொண்டது கண்டறியப்பட்டது. உண்ணத் தெரிந்த பவளம் பிழைக்கிறது என்பதே இதன் பொருள். ஆனால் வேட்டையாடவும் தெளிந்த நீர் வேண்டும். வண்டல் படிந்தால், பவளம் தன் ஆற்றலையெல்லாம் அதனைத் துடைத்தெறியவே செலவிடும். பாசி படர்ந்து மூடினாலும் அதே கதி. மண்டபம் அருகே குருசடைத் தீவில், வணிகத்திற்காகக் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட ‘கப்பாபைகஸ்’ எனும் அயல்நாட்டுக் கடற்பாசி பவளங்களின் மீது படர்ந்து மூடியதை 2008-ஆம் ஆண்டு ஆய்வாளர் பதிவு செய்தனர். அடியிலிருந்த பவளத்திற்கு ஒளியும் இல்லை. உணர்கொம்பை விரிக்க இடமும் இல்லை.

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் வாழும் நம்மவர் சிலர் வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி அமைத்து, மீனோடு பவளமும் வளர்க்கின்றனர். விடுமுறையில் வந்த பிள்ளை சொல்லக் கேட்டு, ‘நம் கடலிலேயே கிடக்கிறதே, நாமும் ஒரு துண்டு எடுத்து வைத்தால் என்ன?’ என எண்ணுவோர் இங்கும் உளர். அவர்கட்கு முதலில் சொல்ல வேண்டியது சட்டம். 2001-ஆம் ஆண்டு முதல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. புலிக்கும் யானைக்கும் உரிய அதே அட்டவணை அது. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றம். கண்ணாடிப் பேழையில் அழகுக்காக வைக்கும் காய்ந்த பவளத் துண்டும் இதற்கு விலக்கு அன்று.

சட்டம் இடம் தரும் நாட்டில், உரிய அனுமதியோடு, பண்ணையில் வளர்த்த பவளத்தை வாங்கி வைத்திருப்போர்க்குச் சில செய்திகள்: தொட்டிநீர் 24 முதல் 27 பாகைக்குள் நிலையாக இருத்தல் வேண்டும். ஊருக்குப் போகையில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வெளிறிய பவளத்தையே காண்பீர்கள். லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பும், 400 முதல் 450 மில்லிகிராம் வரை கால்சியமும் வேண்டும். நீர் ஓயாது அசைந்துகொண்டிருத்தல் வேண்டும். ஒளியும் நீரும் சரியாக இருந்தால் பாசி உடைய பவளம் பெரும்பகுதி உணவைத் தானே பெறும். ஆனால் ‘சூரியப் பவளம்’ எனப்படும் மஞ்சள் நிற வகைக்குப் பாசித் துணை இல்லை. ஊட்டினால்தான் அது வாழும். ஊட்ட மறந்தால் மெல்ல மெல்லச் சாகும்.

உணவூட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. பகலில் சுருங்கியிருப்பதை நோய் என எண்ண வேண்டா. இரவை எதிர்நோக்கியிருக்கிறது எனக் கொள்க. விளக்கைத் தாழ்த்தி, இறால் சாற்றில் சில துளிகளை நீரில் விட்டால், அதன் மணம் உணர்ந்து சிறிது நேரத்தில் உணர்கொம்புகள் விரியும். அப்போது நீரோட்டத்தைச் சற்று நிறுத்தி, உப்பளங்களில் வளரும் ஆர்ட்டீமியா போன்ற சிற்றிரையைத் துளிக்குழாயால் கொம்புகளின்மேல் மெல்ல விடவேண்டும். வாயினும் பெரிய இரை ஆகாது. பாசி உடைய இனங்களுக்கு வாரத்திற்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும். மிஞ்சியதை அகற்றாவிடில் அது அழுகி நீரைக் கெடுக்கும். வேண்டாத பாசி பெருகிப் பவளத்தை மூடும். பட்டினி கொல்வது போலவே அளவு மீறிய உணவும் கொல்லும்.

பசித்த பூனை கத்தும். பசித்த ஆடு கயிற்றை இழுக்கும். பசித்த குழந்தை வீட்டையே கூட்டிவிடும். பவளம் எதுவும் செய்யாது. சதை மெலிந்து எலும்புக்கூட்டின் வரம்புகள் துருத்திக்கொண்டு தெரிவதும், ஓரங்களில் சதை பின்வாங்குவதும், நிறம் வெளுப்பதுமே அதன் முறையீடு. வெண்மையின்மேல் மெல்லிய சதை இன்னும் படர்ந்திருந்தால் உயிர் உண்டு, நம்பிக்கை உண்டு. வெறும் கூட்டின்மேல் பச்சைப்பாசி படிந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என அறிக.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி அதன் பொருட்டு வேதனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த வரலாற்றை நாம் அறிவோம். அங்கு இரு குற்றங்கள் உள்ளன என்பதை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். உணவளிக்காதது ஒன்று, உணவு தேடும் வழியை அடைத்தது மற்றொன்று. கண்ணாடித் தொட்டியில் பவளத்தை வைத்துவிட்டு அதன் தேவையை அறியாதிருப்பவர் முதற்குற்றத்திற்கு அஞ்ச வேண்டும். கடலிலுள்ள பவளத்தின்மீது வண்டலையும் வெப்பத்தையும் கழிவையும் ஏவி, அதன் பகல் உணவையும் இரவு உணவையும் ஒருங்கே தடுக்கும் நாமனைவரும் இரண்டாம் குற்றத்திற்கு அஞ்ச வேண்டும். நாம் தொட்டியில் அடைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் பாறையோடு ஒட்டிய உயிர், கட்டிவைத்த உயிரைப் போன்றதே. வேறிடம் சென்று உணவு தேட அதற்குக் கால்கள் இல்லை.

முத்தையும் மர்ஜானையும் கூறும் அதே ‘அர்ரஹ்மான்’ அத்தியாயம் ‘மீஸான்’ எனும் தராசைப் பற்றியும், அதில் வரம்பு மீறலாகாது என்பதைப் பற்றியும் கூறுகிறது. ஒரு பாகை வெப்பம் கூடினாலே ஓர் உயிரின் உணவு முறை தலைகீழாகிறதென்றால், அத்தராசு எத்துணை நுட்பமானது!

நாம் செய்யத்தக்கவை உண்டு. மரக்கலம் ஓட்டும் சகோதரர்கள் பாரின்மேல் நங்கூரம் இறக்காமல் மணற்பாங்கில் இறக்கலாம். கரையோர ஊர்களின் சங்கங்களும் ஜமாஅத்துகளும் சாக்கடையும் நெகிழியும் கடலில் சேராதபடி தம் எல்லைக்குள் ஏற்பாடு செய்யலாம். பவளத் துண்டுகளை விற்க வருவோரிடம் வாங்காமல் மறுக்கலாம். மலைநாட்டில் உழுவோர் சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு மண்ணைக் காக்கலாம். அதன் முதற்பயன் அவர்கள் வயலுக்கே. வீணாக எரியும் ஒரு விளக்கை அணைப்பதும் இக்கணக்கில் சேரும்.

தூத்துக்குடி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002-ஆம் ஆண்டு தொட்டு, உடைந்த பவளத் துண்டுகளை எடுத்துச் செயற்கைப் பாறைகளில் பொருத்தி மீண்டும் கடலடியில் வளர்த்துவருகின்றனர். அழிந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க 2015-இலிருந்து செயற்கைத் திட்டுகளும் இறக்கப்பட்டன. நட்ட பவளம் வேரூன்றிச் சதை படர்ந்து, இரவில் தன் உணர்கொம்பை விரிக்கும் நாளே அவர்கள் உழைப்பு கனியும் நாள். பவளத்திற்காக நாம் வேட்டையாடித் தர வேண்டியதில்லை. அதன் உணவை மறிக்காதிருந்தால் போதும்.

வாய் திறந்து கேட்க இயலாத உயிர்களின் பசியையும் அறிந்து நடக்கும் நல்லுள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக!